பில்தாஸ் திருப்பிக் கொடுத்த வெற்றி

என் தங்கை பானோவைக் கட்டிக்கொண்ட பில்தாஸுக்கு ஊருக்கே கேட்கும் குரல் உண்டு. ஆனால் வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்க வாய் வராது. கூழில் உப்பு குறைந்தால் கிண்ணத்தை விரலால் கொஞ்சம் தள்ளி வைப்பான். அவ்வளவுதான். மற்றதைப் பானோ புரிந்துகொள்ள வேண்டும். அவள் புரிந்துகொண்டாலும் புரியாத மாதிரி இருப்பாள், என் தங்கை அப்படி.

பெண் கேட்க வந்த அன்று எங்கள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வைத்த ஒலிவக்காயை எல்லாம் தின்றுவிட்டு, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏன்டா, பையன் ஊமையா?”

“ஊர்க் கட்டியக்காரன்பா அவன்.”

“அவனா? போன வாரம் நம்ம கழுதை காணாமப் போச்சுன்னு கத்தினானே, அவனா? மலை மேல ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் கேட்டுச்சேடா!”

“அது நீங்க சொல்லச் சொன்னது. இது அவனாச் சொல்ல வேண்டியது. அதான் வரல.”

அப்பா ஒலிவக்காய்த் தட்டு காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். பிறகு, பேசாத மருமகன் என்றால் நமக்கு லாபம்தானே என்று சிரித்தார். கல்யாணம் முடிந்தது.

எங்கள் ஊர் பிளியஸில் கட்டியக்காரன் வேலை எல்லோருக்கும் வாய்க்காது. சந்தைத்திடலில் வெண்கல ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. அதன்மேல் ஏறிக் கோலைத் தூக்கினால், ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யார் கேடயத்தோடு வர வேண்டும், புது மதுவை என்றைக்குத் திறக்கலாம், யார் செத்தார்கள், எல்லாம் அந்தக் கல் மேலிருந்துதான் வரும். பில்தாஸ் கொடுத்த செய்தியில் ஒரு சொல்லைக் கூட்ட மாட்டான், ஒரு சொல்லை விட மாட்டான். அதனாலேயே சபைக்காரர்களுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கு அதனாலேயே சில சமயம் எரிச்சல் வரும். “மாப்ளே, உனக்குன்னு ஒரு பேச்சு கிடையாதா? குழாய்க்குள்ள தண்ணி ஓடுற மாதிரி ஊரார் பேச்சு ஓடுது” என்று திட்டியிருக்கிறேன். சிரிப்பான். மதுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து என் பக்கம் நகர்த்துவான்.

எங்கள் அப்பா செத்தபோது அவன்தான் கல் மேலேறிச் சொன்னான். கணீரென்று, ஒரு தடங்கல் இல்லாமல். பிறகு வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில் ரொட்டியைப் பிட்டு, எண்ணெயில் தொட்டு, குழந்தைக்கு ஊட்டுகிறமாதிரி என் கையில் வைத்தான். ஊரே வந்து துக்கம் விசாரித்துப் பேசியதில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. அந்த ரொட்டி நினைவிருக்கிறது.

எங்களுடையது சின்ன ஊர். திராட்சைக் கொடியும் ஆற்றோரத்தில் கையளவு வயலும் உள்ள ஊர். சுற்றி இருப்பவர்களோ பெரிய ஆட்கள். அதனால் சண்டை என்றால் தோல்விதான் பழக்கம். தோற்ற பிறகு செய்யும் வேலை ஒன்று உண்டு. கட்டியக்காரன் கோலோடு போய், களத்தில் கிடக்கும் நம் பிணங்களைக் கொடுங்கள் என்று எதிரியிடம் கேட்க வேண்டும். யார் கேட்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். யாரிடம் கேட்கிறார்களோ அவர்கள் வென்றவர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. பில்தாஸ் எத்தனையோ தடவை பக்கத்து ஊர் ஆர்கோஸ்காரர்களிடம் போய்க் கேட்டிருக்கிறான். கேட்டுக் கேட்டு, அந்த ஊர்க் கட்டியக்காரன் அர்கிலாஸ் அவனுக்கு நண்பனாகவே ஆகிவிட்டான். ஒருத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டால் மற்றவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் கரடிக்குன்றில் வெற்றி கிடைத்தது.

நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், எங்கள் வீரத்தால் ஒன்றும் ஜெயிக்கவில்லை. காலைப் பனியில் ஆர்கோஸின் இடது பக்கத்து ஆட்கள் வழி தவறித் திராட்சைத் தோட்டத்துப் பள்ளத்தில் போய் விழுந்தார்கள். விழுந்தவர்களைப் பார்த்து நின்றவர்கள் ஓடினார்கள். ஓடியவர்களில் ஒருவன் என் தொடையில் ஈட்டியைப் பதித்துவிட்டுத்தான் ஓடினான். அவன் நாசமாய்ப் போக.

மதியத்துக்குள் அர்கிலாஸ் வந்தான், பிணம் கேட்டு. பில்தாஸ் கேட்கும் இடத்தில் நில்லாமல் கொடுக்கும் இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை, தளபதி திராசிலாஸ் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினார். கொடுப்பதற்கு முன்பு தளபதி எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“நம்ம ஆளுங்க யாராவது அந்தப் பக்கம் கிடக்கிறாங்களா?”

கேடயக்காரர்களைக் குலம் குலமாக எண்ணினார்கள். செத்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கமே இருந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லியாயிற்று. ஜெயித்ததற்கு அடையாளமாகக் குன்றின் மேல் கம்பம் நட்டு, பிடுங்கிய தலைக்கவசமும் கேடயமும் மாட்டிச் சாமிக்குக் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் பில்தாஸ் கல் மேலேறி, “கரடிக்குன்றில் பிளியஸ் வென்றது” என்றான். ‘வென்றது’ என்ற சொல்லை அதுவரை அவன் சந்தையில் சொன்னதே இல்லை. குரல் நடுங்கியது. கிழவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன், தொடை வலியால் என்று சொல்லிக்கொண்டேன். அவன் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, “மச்சான், நான் சொன்னேன் பார்த்தியா?” என்றான். அவனாக வந்து அவனாகப் பேசிய பேச்சு அது. அந்த மனுஷன் மேல் எனக்கு அன்று வந்த பாசத்தைச் சொல்லி மாளாது.

ஊர் சில நாள் தெளியவே இல்லை. தெளிந்தபோது நிக்கரேதா தன் மகனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நிக்கரேதா பூண்டு விற்பவள். வாயும் பூண்டு மாதிரிதான், தூரத்திலிருந்தே தெரியும். புருஷன் மோலோன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் கொமோனைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டுக் கோழி அவன் கண்ணில் படக் கூடாது. கேடயம் வாங்க வக்கில்லாததால் சண்டையில் கல்லெறிபவர்களோடு போவான், ஆட்டுத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு. கல்லெறிபவர்களை யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அன்றும் எண்ணவில்லை.

குடித்துவிட்டு எங்கேயோ கிடக்கிறான் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். பிறகு அவனோடு கல்லெறிந்த ஒருத்தன் போதை இறங்கி விஷயத்தைச் சொன்னான். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு கொமோன் பள்ளத்தையும் தாண்டிப் போனான், அங்கே விழுந்தான். அந்த இடம் ஆர்கோஸ்காரர்களின் காவலுக்குள் இருக்கிறது.

நான் பில்தாஸ் வீட்டு முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், பானோ என் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிக்கரேதா நேராக உள்ளே வந்தாள்.

“கத்தல்காரா, எம்மவன் அங்க கிடக்கான். போய்க் கேட்டு வாங்கிட்டு வா.”

பில்தாஸ் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான், மூடினான்.

“சபை சொல்லாமப் போக முடியாதுக்கா” என்று அவனுக்காக நான் சொன்னேன். “இப்ப போய்க் கேட்டா நாம தோத்ததா ஆகிரும். கம்பம் நட்டாச்சு.”

“கம்பத்தை நட்டு வச்சுக் கும்பிடுங்க. நான் எம்மவனைக் கேக்கேன். மண்ணு போடாம, வாயில காசு வைக்காம விட்டா அவன் எப்படிய்யா செத்தவங்க ஆத்தைத் தாண்டுவான்? உயிரோட இருக்கையில ஊரு அவனை அங்கயும் இங்கயும் விரட்டுச்சு. செத்தும் கரையில நிக்கணுமா?”

பானோ கட்டை இழுத்து முடிந்தாள், எனக்கு உயிர் போயிற்று. “அண்ணே, நீ கொஞ்சம் வாயை மூடு” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் நிக்கரேதாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஆமென்றா இல்லையென்றா, எனக்குத் தெரியவில்லை.

சபை கூடியது. பெண்கள் உள்ளே வர முடியாது, நிக்கரேதா வெளியே கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். அன்று பேச வேண்டிய பெரிய விஷயம், பிடித்த கேடயத்தைக் கோயிலில் எங்கே மாட்டுவது, அதில் என்ன எழுதுவது என்பது. அதற்கு முன்னால் இவள் மனுவை எடுத்தார்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான்.

சபைத் தலைவர் கையசைத்தார். பில்தாஸ் கோலைத் தூக்கி, வழக்கப்படி கேட்டான்.

“பேச விரும்புகிறவர் யார்?”

யாரும் எழவில்லை. கொமோனோடு கல்லெறிந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? வாழ்க்கையில் முதன்முதலாக அந்த வாரம்தான் ஊர் அவர்களுக்குக் கூப்பிட்டு மது ஊற்றியிருந்தது.

“பேச விரும்புகிறவர் யார்?”

ஒருமுறை கேட்டு யாரும் இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடுவதுதான் வழக்கம். பில்தாஸ் போகவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டான். கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது அந்தக் குரல்.

“காது கேக்குது பில்தாஸ்” என்றார் தலைவர். “யாரும் இல்ல. அடுத்ததைச் சொல்லு.”

அவன் மேடையை விட்டு இறங்கினான். நேராக என்னிடம் வந்து கோலை என் கையில் திணித்தான்.

“மச்சான், நீ கேளு.”

“என்னத்தடா கேக்கச் சொல்ற?”

“யார் பேசணும்னு கேளு. கோல் கையில இருந்தா நான் பேசக் கூடாது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குரல் தவளைக் குரல். இருந்தும் கேட்டேன். “பேச விரும்புகிறவர் யார்?”

“நான்” என்றான் பில்தாஸ்.

சபையில் ஒரு சலசலப்பு. அவன் நடுவில் போய் நின்று பேச ஆரம்பித்தான். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற குரல் எங்கே போனதோ, சொந்தப் பேச்சு வரும்போது முற்றத்துக் குரல்தான் வந்தது. பின்னாலிருந்து கத்தினார்கள்.

“என்னப்பா சொல்றான்?”

நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. வேறு வழியில்லாமல் அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். கட்டியக்காரனுக்கு ஒரு கட்டியக்காரன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

“ஜெயிச்சோம்னு நான்தான் சொன்னேன். அதைவிடச் சந்தோஷமா நான் எதையும் சொன்னதில்லை” என்றான். சொன்னேன்.

“நாம கொமோனை எண்ணல. எண்ணியிருந்தா அன்னைக்கே கேட்டிருப்போம். அன்னைக்கே கேட்டிருந்தா ஜெயிச்சே இருக்க மாட்டோம்” என்றான். அதையும் சொன்னேன்.

தளபதி திராசிலாஸ் எழுந்தார். அவர் மோசமான ஆள் இல்லை. கண் கலங்கியிருந்தது.

“எங்கப்பா காலத்திலயிருந்து தோத்துட்டே இருக்கோம்யா. என் பேரனுக்குச் சொல்ல ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒரு கோழித் திருடனுக்காக அதை விடணுமா? ராத்திரியில போய்த் தூக்கிட்டு வரலாம், நாலு ஆள் தர்றேன்.”

“காவல் இருக்கு. நாலு பேரும் அங்கயே கிடப்பாங்க. அப்ப அஞ்சு பேருக்காகக் கேக்கணும்” என்றான் பில்தாஸ். இதற்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, தளபதிக்கே வந்தது. பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னான். “போய்க் குனியப் போறது என் தலைதான். பழகின தலை. நீங்க கையை மட்டும் தூக்குங்க.”

அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். இரண்டு தடவை முயன்று சொன்னேன்.

முதல் கை கல்லெறிபவர்கள் பக்கமிருந்து எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக. சந்தோஷமாகத் தூக்கிய கை ஒன்றும் இல்லை, என் கையையும் சேர்த்து. ஈட்டி வாங்கியவன் நான், வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? தளபதி தூக்கவில்லை. இருந்தும் போதுமான கைகள் இருந்தன.

மறுநாள் கழுதையை ஓட்டிக்கொண்டு நானும் பில்தாஸும் போனோம். ஓட்டிக்கொண்டு என்றால், தொடை வலியால் நான் கழுதை மேல் உட்கார்ந்திருந்தேன், ஓட்டியவன் அவன். வழியில் எங்கள் கம்பத்தைக் கடந்தோம். அவன் நின்று, சாய்ந்திருந்த கவசத்தை நேராக வைத்தான். “இன்னும் கொஞ்ச நேரம் நம்மளோடதுதானே” என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் தலையில் ஒன்று போடவும் தோன்றியது.

காவலில் அர்கிலாஸே எதிரே வந்தான். கோலைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

“வந்துட்டியா? உங்க ஆளு கிடக்கிறது அன்னைக்கே தெரியும்பா. நீங்க கேக்காம நாங்க எப்படித் தர்றது? நாய் தொடாம கல்லைப் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

“தெரிஞ்சே சொல்லாம இருந்தியா?” என்று நான் பாய்ந்தேன்.

“சொன்னா என் ஊரு என்னைத் தோலை உரிச்சிரும்யா” என்றான். பிறகு பில்தாஸிடம் மெதுவாக, “நானா இருந்தா வந்திருப்பேனான்னு தெரியல” என்றான்.

அவர்கள் தளபதிக்கு நம்பவே முடியவில்லை. படையை முழுக்க நிறுத்தினான். “எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேளு” என்றான். பில்தாஸ் கோலை ஊன்றிக்கொண்டான். இது சபை கொடுத்த சொல், அவன் சொல் அல்ல. அதனால் குரல் வந்துவிட்டது. “பிளியஸ்காரர்கள் தங்கள் இறந்தவனைக் கேட்கிறார்கள்” என்றான். குன்று அதை எடுத்து மறுபடியும் சொன்னது. ஆர்கோஸ்காரர்கள் கேடயத்தைத் தட்டிக் கூத்தாடினார்கள். எங்கள் கம்பம் சாமியுடையது, தொட அவர்களுக்கும் பயம். அதனால் அதன் பக்கத்திலேயே அதைவிட உயரமாக ஒன்றை நட்டார்கள்.

அர்கிலாஸும் நாங்களும் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தோம். கொமோன் கையில் எறியாத கல் ஒன்று இருந்தது. பில்தாஸ் தன் மேலாடையைக் கழற்றிச் சுற்றினான். கழுதையைக் கொமோனுக்குக் கொடுத்துவிட்டு நான் நொண்டிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் திட்டினேன், செத்தவனை, ஆர்கோஸை, என் தங்கை புருஷனை. பில்தாஸ் ஒரு தோளை எனக்குக் கொடுத்துக்கொண்டு நடந்தான்.

சந்தைத்திடலில் ஊர் காத்திருந்தது. யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தளபதி வரவில்லை. கழுதை நின்றதும் நிக்கரேதா வந்து, துணியை விலக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பில்தாஸ் கல் மேலேறினான். சபை கொடுத்ததைச் சொன்னான். “கரடிக்குன்றில் பிளியஸ் தோற்றது. இறந்தவர்களில் ஒருவன் பெயர் விடுபட்டிருந்தது. மோலோனின் மகன் கொமோன்.”

கேடயம் உள்ளவர்களின் பெயரைத்தான் அந்தக் கல் மேலிருந்து சொல்வார்கள். கல்லெறிபவன் பெயர் ஒன்றை, அப்பன் பெயரோடு, அதற்கு முன் நாங்கள் கேட்டதே இல்லை. சொல்லி முடித்து அவன் இறங்கக் காலை வைத்தான்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள் நிக்கரேதா.

எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டுமென்றால் சபை சொல்ல வேண்டும். சபைத் தலைவர் அங்கேதான் நின்றார். பில்தாஸ் அவர் பக்கம் பார்க்கவில்லை. மறுபடி ஏறி, “கரடிக்குன்றில் பிளியஸ்” என்று தொடங்கினான்.

“அது வேண்டாம். பேரை மட்டும்.”

“மோலோனின் மகன் கொமோன்.”

“இன்னொரு தரம்.”

சொன்னான். அவள் போதும் என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். அதுவரைக்கும் எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.